மிதந்தால் நைலான் இல்லை



இன்று மே 18, உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடி வருகிறார்கள். நாகப்பட்டினத்தில் இந்த நாளில் ஒருவரை மேடையேற்றினால் அவர் என்ன பேசுவார் என்பது உங்களுக்கு மனப்பாடம். சூடாமணி விகாரம், புத்தர் செப்புத் திருமேனிகள், ஆனைமங்கலம் செப்பேடு. பேச வேண்டியவைதான், பெருமைப்பட வேண்டியவைதான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த மஞ்சப் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உள்ளே ஒரு கிழிந்த வலைத்துண்டு, ஒரு முழம் கயிறு, நார் தேய்ந்த பல் துலக்கும் பிரஷ் ஒன்று, என் பாட்டியின் சேலை ஒன்று.

இந்தப் பையோடு ஒருமுறை ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்த அலுவலர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இதெல்லாம் பிளாஸ்டிக் குப்பை. நம்மகிட்ட எடுக்க மாட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். டீ கூட வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

முதலில் ஒரு சின்ன வேடிக்கை. அவைத் தலைவர் அவர்களே, உங்கள் முன்னால் இருக்கும் டம்ளரைக் கொஞ்சம் இப்படித் தாருங்கள். பயப்படாதீர்கள், வேறு தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். இந்தக் கயிறு கடைத்தெருவில் வாங்கியது. என்ன கேட்டு வாங்கினேன்? "நைலான் கயிறு கொடுங்க" என்று கேட்டுத்தான். அதில் ஒரு துணுக்கு வெட்டி, விரலால் நசுக்கிக் காற்றை எடுத்துவிட்டு உள்ளே போடுகிறேன். பாருங்கள், மேலே வருகிறது, மிதக்கிறது. இப்போது வலையிலிருந்து ஒரு துணுக்கு. அதையும் நசுக்கிப் போடுகிறேன். முங்கிவிட்டது.

நைலான் தண்ணீரைவிடக் கனம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.14 கிராம். அதனால் முங்கும். மிதந்த கயிறு பாலிபுரோப்பிலீனாகவோ பாலிஎத்திலீனாகவோ இருக்கும். முங்குவதெல்லாம் நைலான் என்று வீட்டுக்குப் போய்ச் சாதிக்காதீர்கள், பாலியஸ்டரும் முங்கும். ஆனால் மிதந்தால் அது நைலான் இல்லை. நாம் வயர் கூடை, வயர் நாற்காலி, கொடிக்கயிறு என்று எதைப் பார்த்தாலும் நைலான் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றில் பல நைலானே கிடையாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சிலையைப் பார்த்தால் இது பஞ்சலோகமா வெண்கலமா என்று அறிஞர்கள் நாள்கணக்கில் வாதிடுகிறார்கள். நம் வீட்டுக் கிணற்றில் கிடக்கும் கயிறு எதனால் ஆனது என்று நமக்குத் தெரியாது. இதுதான் என் வழக்கின் முதல் சாட்சி.

சரி, இந்த நைலான் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் டெலவேர் மாநிலம், டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியல் அறிஞரின் குழு 1935 பிப்ரவரி 28 அன்று இதை முதன்முதலில் உண்டாக்கியது. அவர் மனச்சோர்வால் நெடுநாள் துன்பப்பட்டவர். 1937 ஏப்ரலில், 41 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நைலான் என்ற பெயரை நிறுவனம் வெளியே அறிவித்தது 1938 அக்டோபரில். தான் படைத்த பொருளின் பெயரை அந்த மனிதர் காதால் கேட்கவே இல்லை. நியூயார்க், லண்டன் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது கட்டுக்கதை. இழை பிரியாது என்ற பொருளில் ஒரு சொல்லை எடுத்து, திருப்பி, திரித்து, கடைசியில் வந்து நின்ற சொல் இது.

முதலில் கடைக்கு வந்த நைலான் பொருள் எது தெரியுமா? இதோ, பல் துலக்கும் பிரஷ். 1938. அதற்கு முன்னால் பிரஷ்ஷுக்குப் பன்றி மயிர்தான். என் தாத்தா சாகும்வரை பிரஷ்ஷைத் தொடவில்லை, ஆலங்குச்சிதான். "அது என்ன மயிரோ யார் கண்டது" என்பார். நாங்கள் சிரிப்போம். வரலாற்றைப் படித்த பிறகுதான், கிழவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது.

பிரஷ்ஷுக்கு அடுத்து பெண்களின் காலுறை. 1939 அக்டோபர் 24 அன்று வில்மிங்டன் நகரத்தில் 4,000 ஜோடி விற்பனைக்கு வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான். சில மணி நேரத்தில் கடை காலி. அதுவரை அந்தக் காலுறை ஜப்பான் பட்டில் செய்தது. பிறகு போர் வந்தது, நைலான் முழுவதும் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் டயருக்கும் போனது. போர் முடிந்து கடைக்குத் திரும்பி வந்தபோது பிட்ஸ்பர்க் நகரத்தில் 13,000 ஜோடி காலுறைக்கு 40,000 பேர் வரிசையில் நின்றார்கள். நம் ஊர் ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் சிரித்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அதே டெலவேரில் சீஃபோர்டு என்று ஒரு சிற்றூர். உலகின் முதல் நைலான் ஆலை 1939 டிசம்பரில் அங்கேதான் ஓடத் தொடங்கியது. ஊர் தன்னை நைலான் தலைநகரம் என்றே சொல்லிக்கொண்டது. 2004இல் டூபான்ட் தன் நைலான் தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கியது. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? பழைய தபால் நிலையக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி, ஆலையின் கதையை அதற்குள் வைத்துக்கொண்டார்கள். அரசர் இல்லை, கோயில் இல்லை, செப்பேடு இல்லை. ஆலைக்குப் போய் வந்த ஊரின் கதை.

வாஷிங்டனில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு திருமண உடுப்பு இருக்கிறது. வெள்ளை நைலான். 1944 ஆகஸ்டில் ஜப்பான் மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய விமானத்தில் தீப்பிடித்தது. விமானி குதித்தார், பாராசூட் காப்பாற்றியது. இரவு முழுவதும் அதையே போர்த்திக்கொண்டு, அதையே தலைக்கு வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊர் திரும்பி, 1947இல் தான் மணக்க விரும்பிய பெண்ணிடம் அந்தப் பாராசூட்டைக் கொடுத்து, இதில் கல்யாண உடுப்புத் தைத்துக்கொள் என்றார். பிறகு அவர்கள் மகளும் அதை உடுத்தித் திருமணம் செய்துகொண்டாள், மருமகளும் உடுத்தினாள். அதைப் பிளாஸ்டிக் குப்பை என்று யாராவது சொல்வார்களா? அதனோடு வந்த கதையைச் சேர்த்து எழுதி வைத்தார்கள். கதை இல்லாவிட்டால் அதுவும் ஒரு பழந்துணிதான்.

இப்போது நம் கடற்கரைக்கு வருகிறேன். இந்த வலைத்துண்டு அக்கரைப்பேட்டையில் ஒருவர் தந்தது. இதற்கு முன்னால் இருந்தது நூல் வலை, சணப்பு வலை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்த்திருப்பீர்கள். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் அழுகும். தினமும் கரையில் விரித்துக் காயப்போட வேண்டும். பனிச்சங்காய்ச் சாறு மாதிரித் துவர்ப்புச் சாயத்தில் அடிக்கடி ஊறப்போட வேண்டும். வலை காயப்போட ஒவ்வொரு குப்பத்துக்கும் மணல்வெளி வேண்டும். நனைந்தால் வலை கல்லாய்க் கனக்கும். நைலான் வந்ததும் என்ன ஆயிற்று? அழுகல் இல்லை, சாயம் இல்லை, காயப்போடும் வேலை இல்லை. இழை மெல்லிசு, மீன் கண்ணுக்குப் படாது. 1950களின் கடைசியிலும் 60களிலும் கரைக்கு வந்தது, சில வருஷத்தில் நூல் வலையை விரட்டிவிட்டது.

நைலானுக்கு ஒரு குணம் உண்டு, வழுக்கும். சாதாரண முடிச்சு நிற்காது. அதனால் இரட்டை முடிச்சு போட வேண்டும், அல்லது சூடேற்றி முடிச்சை இறுக்க வேண்டும். சூடேற்றும் வேலை வீட்டுத் திண்ணையில் நடக்காது, எந்திரத்தில்தான் நடக்கும். அங்கேதான் பெண்கள் தோற்றார்கள். குமரிக் கரையில் வலை பின்னுவது பெண்களின் கைத்தொழில். வீட்டுக்குள் உட்கார்ந்தபடி, பிள்ளையைப் பார்த்தபடி, வலை ஊசியும் அளவுப் பட்டையும் வைத்துக்கொண்டு சம்பாதித்த காசு அது. எந்திர வலை வந்து அந்தக் காசைக் கொண்டுபோய்விட்டது. நைலான் மீனவனுக்கு நல்லது செய்ததா என்று கேட்டால், எந்த மீனவனுக்கு, அவன் வீட்டில் யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். மீனவ ஊர்களுக்குள் சண்டை மூட்டும் சுருக்குமடி வலையைப் பற்றியும் பேசுவீர்களா என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார். பேச மாட்டேன். நான் இன்றிரவு நல்லபடியாக வீடு போய்ச் சேர வேண்டும்.

நூல் வலை ஒரு துண்டு கிடைக்குமா என்று நம்பியார் நகர் வரை அலைந்தேன். ஒரு பெரியவர் சொன்னார்: "பரண்ல ஒண்ணு வச்சிருந்தேன் தம்பி. சுனாமி எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு." 2004 டிசம்பர் 26 இந்த ஊரில் எதை எதை எடுத்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வலையை நாம் இனிப் பார்க்கப்போவதில்லை. அதற்கு அடுத்து வந்த முதல் நைலான் வலைகள் இன்னும் சில பரண்களில் இருக்கின்றன. அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்து இந்தச் சேலை. நைலெக்ஸ் என்று சொல்லும் நைலான் சேலை. என் தாத்தாவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ரஜூலா கப்பலில் கொண்டுவந்தது. ரஜூலாவும், அதன் பிறகு வந்த எம்.வி. சிதம்பரமும் இந்தத் துறையில் கொண்டுவந்து இறக்கிய நைலான் சேலைகள் எத்தனை! கப்பல் வந்த மறுவாரம் பெரிய கடைத்தெருவில் பூப்போட்ட சேலையாக நடக்கும் என்பார் என் அம்மா. பிறகு சிதம்பரம் தீப்பிடித்தது, பயணக் கப்பலும் நின்றுபோனது.

பாட்டி இதை நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர். இரவு அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும், கஞ்சி வேண்டாம், பெட்டி போட வேண்டாம். காலையில் அரை மணி நேரம் அவளுக்கு மிச்சம். அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் பேப்பர் படித்தாள். வேர்த்துக் கொட்டும் என்பது வேறு விஷயம். பருத்தி உறிஞ்சும் ஈரத்தில் ஏறக்குறைய பாதிதான் நைலான் உறிஞ்சும். அடுப்படிக்கு மட்டும் இதைக் கட்டிக்கொண்டு போகவே மாட்டாள். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். இதோ பாருங்கள், முந்தானை ஓரத்தில் பட்டாணி அளவில் ஓட்டை, ஓரம் கெட்டியாகக் கருகியிருக்கிறது. தீப்பொறி. இந்த ஓட்டையைத் தைத்து மூடச் சொன்னார்கள். முடியாது என்றேன். சேலையில் எனக்கு விலைமதிப்பான இடம் அந்த ஓட்டைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலில் அறுந்துபோன நைலான் வலை ஆண்டுக்கணக்கில் கிடந்து ஆமையையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும், அழியாது. பட்டத்து மாஞ்சாவில் நைலான் நூல் வந்து கழுத்தை அறுத்ததால் 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை போட்டது. இப்படிப்பட்ட பொருள் அருங்காட்சியகத்தில் சும்மா வைத்தாலே சாகாது என்று நினைப்பீர்கள். தவறு. வெயில் பட்டால் மஞ்சளிக்கும், மொடமொடக்கும், தொட்டால் இழை உடையும். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு வைத்தால் செப்புச் சிலை தாங்கும், பாட்டி சேலை தாங்காது. இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும், பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும், மடிப்பை அவ்வப்போது மாற்ற வேண்டும். கீழடியில் தக்களி கிடைத்ததென்றால் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அது சுடுமண், மண்ணுக்குள் இரண்டாயிரம் வருஷம் நமக்காகக் காத்திருந்தது. நைலான் பரணிலேயே நூறு வருஷம் காத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆகவே நகராட்சியின் பழைய கட்டடத்தில் ஓர் அறை தருவதாகச் சொல்லியிருக்கிற தலைவர் அவர்களே, அந்த அறைக்கு முதலில் வாங்க வேண்டியது கண்ணாடிப் பெட்டி இல்லை, ஜன்னலுக்குக் கனத்த திரை. அறையின் முதல் பொருளாக இந்தச் சேலையை இப்போதே உங்களிடம் கொடுக்கிறேன். பற்றுச்சீட்டு வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசலுக்கு இடதுபக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு வரை இருக்கும். பழைய வலை, தூண்டில் நரம்பு, நைலெக்ஸ் சேலை, நாடாக் கட்டிலின் நாடா, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். மிதக்கிறதா முங்குகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். யார் வைத்திருந்தது, எப்போது வாங்கியது, என்ன விலை என்று நினைவிருப்பதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பெரியவர்களே, வலை ஊசி வைத்திருந்தால் ஊசியோடு நீங்களும் வாருங்கள், அந்த இரட்டை முடிச்சை ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதையும் துவைத்துக் கொண்டு வராதீர்கள்.