சத்துணவு முட்டையும் கூண்டுக் கோழியும்

(நாமக்கல் பகுதி விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாமக்கல்லில் நின்னுக்கிட்டு கோழியைப் பத்திப் பேசினா, "எங்களுக்கே பாடமா?"ன்னு நீங்க கேட்கலாம். பாடம் எடுக்க வரல. உங்களுக்குத் தெரிஞ்சதை, முட்டை வாங்கிச் சாப்பிடுற ஊருக்கும் சேர்த்துச் சொல்ல வந்திருக்கேன்.

கோழின்னா என்ன பண்ணும்? காலால் மண்ணைக் கிளறும், புழுதியில் புரளும், பொழுது சாய்ஞ்சா மேலே ஏறி அடையும், முட்டையிட மறைவான இடம் தேடும். கம்பிக் கூண்டில் இதில் ஒன்றுகூட முடியாது. ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. சிறகை முழுசா விரிக்க முடியாது. சரிவான கம்பித் தரையில் ஒரு வருஷத்துக்கு மேல நிற்கணும். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும்னு குஞ்சிலேயே சூடான பிளேடால் அலகு நுனியை வெட்டுறாங்க. கோழி மிதிச்சு குஞ்சு சாகாதுன்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். ஆனா முட்டைக்கோழி இனத்தில் சேவலாப் பொரிச்ச குஞ்சுக்குப் பொரிப்பகத்தில் ஒரு நாள்தான் ஆயுசு. அது முட்டையும் போடாது, கறிக்கும் லாபம் இல்லை.

கறிக்கோழி கதை வேற. கூண்டு இல்ல, ஆனா ஆறு வாரத்தில் 2 கிலோ எடை. நாட்டுக்கோழி அந்த எடைக்கு வர எத்தனை மாசம் ஆகும்னு நம்ம வீட்டு ஆத்தாகிட்ட கேளுங்க. கால் தாங்காத அளவுக்கு உடம்பு வளருது. சித்திரை வெயிலில் ஒரு மதியம் கரண்ட் போனா செத்து விழுது. அந்த நஷ்டம் யார் தலையில்? பல்லடம், நாமக்கல் பக்கம் ஒப்பந்தப் பண்ணை வெச்சிருக்கிற தோழர்களுக்குத் தெரியும். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியோடது. ஷெட், கரண்ட், தண்ணி, ராத்திரி கண் விழிக்கிறது எல்லாம் நம்மது. கூலி கிலோ கணக்கில். இறப்பு கூடினா கூலி குறையும். கோழியை நெருக்கி அடைச்சாதான் கட்டுப்படியாகும்னு நம்மைத் தள்ளினது இந்தக் கணக்குதான். விவசாயி கொடுமைக்காரன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மருந்து விஷயத்தையும் சொல்லிடறேன். கோலிஸ்டின்னு ஒரு மருந்து. வேற எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுப்பது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துக்கிட்டிருந்தாங்க. 2019 ஜூலையில்தான் ஒன்றிய அரசு தடை போட்டது. நெருக்கடியில் வளர்ப்பது, நோய் வராமல் இருக்க மருந்து கொட்டுவது, கடைசியில் அந்த மருந்து மனுஷனுக்கே வேலை செய்யாமப் போறது: எல்லாம் ஒரே சங்கிலி.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவு, விலங்கு அசைய நியாயமான இடம் இல்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம்னு சொல்லுது. 2017-ல் சட்ட ஆணையம் தன்னுடைய 269-ஆவது அறிக்கையைக் கோழி வளர்ப்புக்காகவே கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதல் நாளிலிருந்து வெறும் கம்பிக் கூண்டைத் தடை செய்திருக்கு. அதற்கான சட்டம் போட்டது 1999-ல். மாற்றிக்கொள்ளப் பண்ணைக்காரர்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் அவகாசம்! இந்த இடத்தை நல்லா கவனிக்கணும், தோழர்களே. நாளைக்கே கூண்டை உடைன்னா உடையறது கடன் வாங்கின விவசாயிதான்.

இன்னொரு பக்கம், முட்டையே வேண்டாம்னு ஒரு கூட்டம் இருக்கு. 2021-ல் கர்நாடகாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கக்கூடாதுன்னு மடாதிபதிகள் கிளம்பினாங்க. அவங்களுக்குக் கோழி மேல இரக்கம் இல்ல, ஏழைப் பிள்ளை தட்டு மேலதான் கண்ணு. அந்த அரசியலோட நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முட்டை வேணும். பிள்ளைகளுக்குத் தினமும் வேணும்.

அதனாலதான் நம்ம கோரிக்கையை அரசாங்கத்துகிட்ட வைக்கிறோம். சத்துணவுக்கு டெண்டர் விட்டு முட்டை வாங்குற பெரிய கை அரசாங்கம்தான். குறைஞ்ச விலை கேட்டவனுக்கே டெண்டர்னு வெச்சா, நெருக்கி அடைச்சவன்தான் ஜெயிப்பான். கோழிக்குக் கூடுதல் இடம், ஏறி அடையக் குச்சி, முட்டையிட மறைவு கொடுக்கிற பண்ணைக்கு, முட்டைக்கு இத்தனை காசு கூடுதல்னு அரசாணை போடட்டும். ஷெட்டை மாத்த கூட்டுறவு வங்கியில் வட்டியில்லாக் கடன் கொடுக்கட்டும். ஒப்பந்தப் பண்ணையில் ஷெட்டுக்கு எத்தனை கோழின்னு கம்பெனி மட்டும் முடிவு பண்ணக்கூடாது, வளர்க்கிறவனுக்கும் அதில் பேச்சு இருக்கணும்.

2017-ல் காளைக்காக மெரினாவில் நின்னோம். "எங்க மாட்டை நாங்க பிள்ளை மாதிரி பார்த்துக்குவோம்"னு உலகத்துக்கே சொன்னோம். கோழியைப் பத்திக் கேட்டா மட்டும் "அது தொழில், விடுங்க"ன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல.

அடுத்த ஒன்றியக் கூட்டத்துக்குப் பண்ணை வெச்சிருக்கிற தோழர்கள் எல்லாரும் கணக்கு நோட்டோட வாங்க. கூண்டுக்கு எத்தனை கோழி, முட்டைக்கு என்ன செலவு, ஒரு கோழியைக் குறைச்சா எத்தனை காசு கூடும். அந்தக் கணக்கைச் சேர்த்துத்தான் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போறோம்.