உழைப்பும் உடற்பயிற்சியும்



காவலர் தேர்வுக்குச் செல்லும் நம் இளைஞர் சிலர் எழுத்துத் தேர்வில் வென்று, கயிறு ஏறுவதில் தோற்றுத் திரும்புகின்றனர். ஆதலின் இன்று உடலைப் பற்றிப் பேச எண்ணினோம்.

தசை என்பது நுண்ணிய நார்களின் கட்டு. பயிற்சியால் நார்களின் எண்ணிக்கை பெரிதும் கூடுவதில்லை. ஒவ்வொரு நாரும் பருக்கின்றது. பழகிய சுமையைச் சிறிது சிறிதாக மிகுத்து வந்தால்தான் இது நிகழும். முதற் சில வாரங்களில் வலிமை கூடும். தசையின் அளவு அவ்வளவாகக் கூடாது. அப்போது முதன்மையாகப் பாடம் கற்பது நரம்பே. கண்ணாடியைப் பார்த்துச் சலித்துப் பலர் இக்கட்டத்திலேயே விட்டுவிடுகின்றனர்.

"எங்கள் பாட்டன் நாள் முழுதும் மூட்டை சுமந்தாரே, அவர் தோள் ஏன் மல்லர் தோளாகவில்லை?" என்று மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான். நல்ல கேள்வி. பயிற்சி தசைக்கு ஆணை மட்டுமே இடுகின்றது. கட்டும் வேலை அதன்பின் ஓரிரு நாட்கள், ஓய்விலும் உறக்கத்திலும், உணவின் புரதத்தைக் கொண்டு நடைபெறுகின்றது. அவருக்கு ஓய்வும் இல்லை, கூழுக்கு மேல் உணவும் இல்லை. சுமை ஒன்றே இருந்தது.

ஆகவே ஒவ்வொரு தசைக்கும் வாரம் இருமுறை கடும்பயிற்சி போதும். தண்டாலும் பஸ்கியும் எளிதாகிவிட்டால் முதுகில் மணல் மூட்டை ஏற்றிக்கொள்க.

பயிற்சி செய்வோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் நலம் தரும். 60 கிலோ இளைஞனுக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 19, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12, எழுபத்தைந்து கிராம் பயறில் 17, நானூறு கிராம் அரிசியில் 28, நூறு கிராம் மாட்டிறைச்சியில் 20 கிராம் என ஏறத்தாழக் கணக்குச் சரியாகிறது. அரிசியில் குறைவான லைசினைப் பயறு ஈடுசெய்யும்.

மாட்டிறைச்சி என்றதும் சிலர் தலை கவிழ்ந்ததைக் கண்டோம். நாமும் பள்ளி நாட்களில் தூக்குச்சட்டியைத் திறவாமல், கிணற்றடிக்குப் போய் ஒளிந்து உண்டவர்தாம். புரதத்தின் தரத்தில் அது முட்டைக்கும் பாலுக்கும் நிகரான முதல் வரிசை உணவு. இதை நாம் நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தறிந்தோம்.

மாவு டப்பாவுக்கு ஒரு மாதக் கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஊசியோ, தொடவே கூடாது. அந்த ஸ்டீராய்டு விதையைச் சுருக்கும், இதயத்தைக் கெடுக்கும்.

சங்கக் கட்டடத்தின் பின்னுள்ள வேப்பமரத்தில் கயிறு கட்டச் செயலாளர் இசைந்துள்ளார். திங்கள், வியாழன் காலை ஐந்தரை மணிக்கு வருக.