வீட்டு ஒலிப்பதிவில் கருவியும் கணினியும்

வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டு, ஒரு மைக், ஓர் இன்டர்ஃபேஸ், ஒரு கணினி ஆகிய இம்மூன்றின் துணையோடு சங்கீதத்தைப் பதிவு செய்கிறவர்கள் இன்று ஊர்தோறும் பெருகியிருக்கிறார்கள். பதிவாகும் நாதத்தைச் சீர்செய்வதற்கு, வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் வைத்துக் கட்டிய கம்ப்ரஸர், ஈக்வலைஸர் முதலிய ஹார்டுவேர் சாதனங்கள் வேண்டுமா, அல்லது அவற்றின் காரியத்தைக் கணினிக்குள்ளேயே கணிதத்தால் நிறைவேற்றிவிடும் ப்ளக்-இன்கள் போதுமா என்பது அவர்களிடையே ஓயாமல் நடக்கும் விவாதம். எதன் ஒலி இனிமையானது என்ற கேள்வியைச் சுற்றியே அந்த விவாதம் பெரும்பாலும் சுழல்கிறது. என் அபிப்பிராயத்தில், அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாதனம் வேலை செய்கிறதா, அவர் பாடி முடித்துப் போன பிறகு வேலை செய்கிறதா என்பதே அது.

ஒரே ஒரு சாதனத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்க விரும்புகிறேன். 1960-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவிலுள்ள பாஸடீனாவில் ஜிம் லாரன்ஸ் என்ற பொறியாளர் தம் டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெயரில் உருவாக்கிய எல்.ஏ.-2ஏ என்ற கம்ப்ரஸர், இன்றளவும் சாரீரப் பதிவுக்கு உரைகல்லாக மதிக்கப்படுவது. ஓசை மிகும்போது தானே அடக்கி, தணியும்போது விட்டுக்கொடுக்கும் கடமையை அது செய்யும் விதம் அழகானது. உள்ளே வரும் ஓசை ஒரு சிறு ஒளித்தகட்டைப் பிரகாசிக்கச் செய்கிறது; எதிரே இருக்கும் ஒளியுணர் மின்தடை அந்த வெளிச்சத்தைக் கண்டு தன் தடையைக் குறைத்துக்கொள்ள, ஓசையின் ஒரு பகுதி பக்கவழியே வடிந்துபோகிறது. வெளிச்சம் மங்கியபின் அந்த மின்தடை உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. முதற்பாதி ஏறக்குறைய 60 மில்லி விநாடியில் மீள, மறுபாதி மீள்வதற்கு 1 விநாடியிலிருந்து 15 விநாடி வரை பிடிக்கிறது. உச்சிவெயிலில் நெடுநேரம் நின்றவர் வீட்டுக்குள் நுழைந்தால் கண் தெளிய அதிக நேரமாவதைப் போல, எவ்வளவு பலமான ஓசை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பொறுத்து அந்தத் தாமதமும் மாறுகிறது.

நம் சங்கீதத்தில் இதன் பலன் பிரத்தியட்சமாகத் தெரியும். தம்புராவும் சாரீரமும் ஒரே மைக்கில் விழும் சிறிய அறையில், தாரஸ்தாயியில் நீண்ட பிரயோகம் ஒன்றைப் பாடிப் பாடகர் மூச்சுக்கு நிற்கும் கணத்தில், அவசரமாக மீளும் கம்ப்ரஸர் தம்புராவின் ஒலியைத் திடீரென்று மேலே தூக்கிவிடும். ஒவ்வொரு இடைவெளியிலும் சுருதி பொங்கி அடங்குவதாகத் தோன்றும். மெல்ல மீளும் சாதனமோ, பாடகர் அடுத்த சங்கதியைத் தொடங்கும் வரையில் சுருதியைப் பெரும்பாலும் அதன் இடத்திலேயே இருத்திவைக்கும்.

இத்தகைய நடத்தையைக் கணினியில் பிறப்பிக்க முடியுமா என்றால், முடிகிறது. 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற முறையை வெளியிட்ட பிறகு ப்ளக்-இன்கள் சாதாரண கணினிகளுக்குப் பரவலாக வந்துசேர்ந்தன. விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பகுக்கப்பட்ட ஒலியில், ஒவ்வொரு மாதிரிக்கும் பழைய மின்சுற்றின் சமன்பாடுகளைத் தீர்த்துக் காட்டும் அளவுக்கு அந்தக் கலை இன்று முதிர்ந்திருக்கிறது. இருப்பினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வால்வைப் போல ஒலிக்குப் புதிய மேற்சுரங்களைச் சேர்க்கும் சாதனத்தைப் போலச்செய்யும்போது, 10,000 ஹெர்ட்ஸ் நாதத்தின் மூன்றாம் மேற்சுரமாகிய 30,000 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டாதது என்றாலும், மேற்சொன்ன மாதிரி வீதத்தில் அது 14,100 ஹெர்ட்ஸாக மடங்கி, மூலத்தோடு எவ்வித உறவுமில்லாத அபஸ்வரமாகக் கேட்கும் எல்லைக்குள் வந்து விழுகிறது. மாதிரி வீதத்தைத் தற்காலிகமாகப் பல மடங்கு உயர்த்திக் கணக்கிட்டு, நல்ல ப்ளக்-இன்கள் இந்தத் தோஷத்தை நீக்கிவிடுகின்றன. இத்தகைய மேற்சுரங்களைச் சேர்க்காத காரியங்களில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. 1957-இல் வெளிவந்த ஈ.எம்.டி. 140 என்ற எதிரொலிச் சாதனம், இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டது. இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட கனமுள்ளது. அதை எந்த வீட்டில் வைப்பது? அதன் எதிரொலியை மடிக்கணினியில் பெறுகிறோமே, இது சாமானியமான பாக்கியமன்று.

ஆகவே, பாடி முடித்த பிறகு செய்யும் வேலைகள் அனைத்துக்கும் ப்ளக்-இன்களே போதும் என்று தயக்கமின்றிச் சொல்வேன். லாஸ் ஏஞ்சல்ஸின் ஹைலண்ட் பார்க் பகுதியில் ஒரு சிறு வீட்டின் படுக்கையறையில் பாடகி பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபின்னியஸும் பெரும்பாலும் கணினியைக் கொண்டே உருவாக்கி 2019-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு, மறு ஆண்டில் அவ்வாண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

பாடிக்கொண்டிருக்கும் வேளையோ வேறு விஷயம். ஹெட்போனில் தம் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிறவருக்கு, கம்ப்ரஸர் வழியே வரும் குரல் வேறுவிதமான தைரியத்தைத் தருகிறது: மெல்லிய கமகம் காதில் தெளிவாக விழுவதால் அதைப் பலவந்தமாக அழுத்திப் பாடவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, உச்ச ஸ்வரத்தில் ஒலி உடைந்துவிடுமோ என்று மைக்கை விட்டு விலகவேண்டியதும் இல்லை. பாட்டே மாறுகிறது. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையில் வைத்த கருவி, காது அறியத்தக்க எந்தத் தாமதமும் இன்றி இதைச் செய்துவிடும். கணினி வழியே அந்தக் குரல் போய்வர வேண்டுமானால், ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும், 512 மாதிரிகள் கொண்ட பஃபரில் உள்ளே வருவதற்கு 11.6 மில்லி விநாடியும், வெளியே போவதற்கு அவ்வளவும் ஆகிறது. பாடகர் தம் குரலையே எட்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் வேறொருவரிடமிருந்து கேட்பது போன்ற அந்நிலையில், தாளத்தை நழுவவிடாமல் பாடுவது மிகவும் சிரமம். பஃபரைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், கணினி திணறத் தொடங்கும். தனக்கென்று ஒரு சில்லு வைத்து ப்ளக்-இன்னைத் தானே இயக்கும் இன்டர்ஃபேஸ்களில் இக்குறை இல்லை. அவற்றை நான் ஹார்டுவேர் சாதனங்களோடேயே சேர்த்து எண்ணுகிறேன்.

வேலை நடக்கும்போதே முடிவெடுத்துவிடுவதில் வேறொரு லாபமும் இருக்கிறது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்ஸியில் தம் வீட்டில் டாஸ்காமின் நான்கு தட கேஸட் கருவியில் பாடிப் பதிவு செய்து, எக்கோப்ளெக்ஸ் என்ற எதிரொலிப் பெட்டியைக் கலந்து, வாத்தியக் குழுவுக்கு மாதிரியாக மட்டும் வைத்திருந்த பாடல்கள், பிறகு பெரிய கூடத்தில் குழுவோடு வாசித்துப் பார்த்தபோது அந்த ரசம் கிட்டாமற் போனதால், கேஸட்டில் இருந்தபடியே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக வெளிவந்தன. ஏற்கெனவே ஒலியோடு கலந்துவிட்டதை யாரும் பிரித்துத் திருத்தியிருக்க முடியாது. நான்கு தடங்களுக்குமேல் சேர்க்கவும் வழியில்லை. ப்ளக்-இன் வைத்திருப்பவர் எந்த முடிவையும் நாளைக்குத் தள்ளிப்போடலாம். அந்தச் சுதந்திரத்தினாலேயே முடிவுபெறாமல் கிடக்கும் பாடல்கள் அநேகம்.

ஆயினும் கருவி மோகத்துக்கு நான் தூபமிட வரவில்லை. எல்.ஏ.-2ஏ புதிதாக வாங்கினால் சில லட்சம் ரூபாய். ஒரு நேரத்தில் ஒரு குரலுக்கு மட்டுமே உதவும். வால்வும் ஒளித்தகடும் காலத்தில் தளர்ந்துபோகும். இருந்தாலும் தேய்ந்த பாகத்தை மாற்றிவிட்டால் அறுபதாண்டுப் பெட்டி இன்றும் பாடும். 2019-இல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் வந்தபோது, 32 பிட் முறையில் எழுதப்பட்ட பழைய ப்ளக்-இன்கள் ஒரே நாளில் செயலிழந்து போனதையும் நினைவில் வைக்கவேண்டும். கையில் உள்ள பணத்தை முதலில் அறையின் எதிரொலியை அடக்கவும் நல்ல மைக் வாங்கவும் செலவிட்டு, மிஞ்சினால் எளிய கம்ப்ரஸர் ஒன்றை மைக்கின் வழியில் வைத்துக்கொள்வது போதும். எதை வாங்குமுன்னும் கருவியையும் ப்ளக்-இன்னையும் ஒப்பிட்டுக் கேட்கையில் ஓசை அளவைச் சமமாக்கிக்கொள்வது அவசியம். சற்றே உரத்து ஒலிப்பதை நம் காது எப்போதும் மேலானதாகவே மதித்துவிடும்.

பதிவாகும்போது கம்ப்ரஸரை இரண்டு மூன்று டெசிபெலுக்கு மேல் அடக்கவிடக் கூடாது. அதிகமாக அடக்கிய குரலை மீட்டெடுக்க எந்த ப்ளக்-இன்னும் இல்லை. பிறருடைய சாரீரத்தைப் பதிவு செய்பவர், சாதனம் தொடாத பிரதி ஒன்றையும் வேறொரு தடத்தில் எடுத்து வைப்பது முறை. தம் சாரீரத்தையே பதிவு செய்பவருக்கு அந்தக் காப்பு வேண்டாம் என்பேன். தவறிப்போனால், மறுநாள் காலையில் மறுபடியும் பாடுவதற்கு அவர் அங்கேயே இருக்கிறார்.