இரு நண்பரும் ஒரு மோட்டார் வண்டியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசுதற்கு இம்மேடையில் புலவர் பெருமக்கள் இருக்கின்றனர். யாம் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளி வருகிறோம். எமக்கு ஓரளவு தெரிந்தது எந்திரம் ஒன்றே. ஆகவே எந்திரத்தைப் பற்றியும், அதனை ஆக்கும் கைகளைப் பற்றியும், அக்கைகளுக்குத் துணையாகும் நட்பைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சுனாபட்டி இளைஞர் இருவர், சங்கக் கட்டடத்தின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு மீண்டும் கட்டி வருகின்றனர். ஒருவர் பாலிடெக்னிக்கில் பயில்பவர். மற்றவர் குர்லாவில் மோட்டார் பட்டறைத் தொழிலாளி. அவ்வண்டிக்கு 'டர்போ' என்னும் கருவியைப் பொருத்தி, அமெரிக்க நாட்டு 'மசில் கார்' போல ஆக்கிக் காட்டுவதாக அவர்கள் உறுதி பூண்டுள்ளனர். இதன்மேல் நம் செயற்குழுவுக்கு முறையீடு வந்தது. இரவில் ஓசை, பெட்ரோல் நாற்றம், பணம் பாழ் என்பன அதில் கண்ட குறைகள். இவற்றோடு, "படிக்கிற பிள்ளை மெக்கானிக்கோடு கூடிக் கெடுகிறான்" என்றொரு வரியும் இருந்தது. கொட்டகையைப் பூட்டுவதா, திறந்து வைப்பதா என்பதை அடுத்த பொதுக்குழு முடிவு செய்யவிருக்கிறது. அதற்கு முன், அவ்விளைஞர் செய்ய முனைவது இன்னது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

அந்த வண்டி நமக்கு அயலானது அன்று. 1944ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், நம் பக்கத்துக் குர்லாவில்தான் தொழிற்சாலை அமைத்தது. இத்தாலி நாட்டுப் ஃபியட் 1100 அங்கே உருவாகி, 1974 முதல் பத்மினி என்னும் பெயர் பூண்டது. கருப்பும் மஞ்சளும் பூசிய அந்த டாக்சிகள் மும்பைத் தெருக்களில் ஓடிய காலம், 2023 அக்டோபர் திங்களோடு முடிந்தது. நம்மவர் எத்தனையோ பேர் அதனை ஓட்டியும் பழுது பார்த்தும் குடும்பம் காத்தனர். அதன் எஞ்சின் 1,089 கன செண்டிமீட்டர் அளவினது. ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத் திறன்.

மசில் கார் என்பதோ மல்லன் போன்ற வண்டி. 1964ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்கப் போன்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்னும் வகையை வெளியிட்டது. அதன் எஞ்சின் அளவு 6.4 லிட்டர், ஆற்றல் 325 குதிரைத் திறன். நம் பத்மினியின் எஞ்சினைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு பெரியது. அத்துணைப் பெரிய எஞ்சினை வாங்க நம் இளைஞரிடம் பணமும் இல்லை. வைக்க வண்டியில் இடமும் இல்லை. சிறிய எஞ்சினிலிருந்தே மிகுந்த ஆற்றலைப் பெற வழி யாது? அதற்குத்தான் டர்போ.

இதன் தத்துவம் எளியது. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவும் ஊற்றலாம்; காற்றுப் போதாவிடின் புகைதான் மிஞ்சும். கொல்லர் உலையில் துருத்தி ஊதுவது ஏன்? காற்று மிகுந்தால் தீ மிகும். சுண்ணாம்புக் காளவாய் எனப் பொருள்படும் பெயர் கொண்ட ஊரில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எஞ்சினுக்கு வைத்த துருத்தியே டர்போ.

ஆயின் அத்துருத்தியை மிதிப்பவர் யார்? அங்கேதான் அறிவின் திறம் விளங்குகிறது. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெந்த புகையாய்ப் புகைக்குழாய் வழியே வீணாகிறது. அப்புகை வெளியேறும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால், புகையே அதனைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுள் செலுத்தும். சுழற்சியோ நிமிடத்திற்கு ஒரு லட்சத்திற்கும் மேல். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஆல்ஃபிரட் பியூச்சி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார்.

ரயில்வேக் குடும்பத்தினர்க்கு இக்கருத்துப் புதிதன்று. 1829ஆம் ஆண்டில் ஸ்டீவன்சனின் ராக்கெட் எஞ்சின், வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கி வழியே ஊதிவிட்டு, அதன் இழுப்பினால் நெருப்புக்குக் காற்றூட்டியது. நீராவி வண்டி 'குப் குப்' என்று மூச்செறிந்தது அதனால்தான். பின்னர் 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் உருவான டபிள்யூ.டி.எம். 2 டீசல் எஞ்சினுக்குப் பதினாறு சிலிண்டர்களும் 2,600 குதிரைத் திறனும் இருந்தன. அதிலும் டர்போ உண்டு. ஊருக்குச் செல்கையில் புனாவுக்கு அப்பால் டீசல் எஞ்சின் பூட்டிய காலத்தை மூத்தோர் நினைவு கூர்வர். வண்டி புறப்படும்போது கரும்புகை எழும். சற்று நேரத்தில் புகை தெளிந்து வேகம் கூடும். டர்போ சுழன்று காற்றூட்டத் தொடங்குமுன் எழுவதே அக்கரும்புகை. அன்று நம்மை நெல்லைச் சீமைக்கு இழுத்துச் சென்ற அறிவைத்தான், இன்று இரு இளைஞர் கொட்டகையில் கையால் தொட்டுப் பார்க்கின்றனர்.

இதில் இடர் இல்லையா? உண்டு. காற்றை அமுக்கினால் சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைச் சிறுவரும் அறிவர். அச்சூட்டினால் எஞ்சினுள் பெட்ரோல் காலம் தப்பி வெடித்தால், பிஸ்டன் உடைந்து போகும். அதற்காகவே காற்றைக் குளிர்விக்கும் கருவியும், அமுக்கம் எல்லை மீறும்போது புகையை வேறு வழியே திருப்பிவிடும் கதவும் வைக்கின்றனர். 1962ஆம் ஆண்டில் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்னும் டர்போ காரை விற்றது. அவ்வெடிப்பைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியில் ஊற்றி வர வேண்டும். வாங்கியோர் பலர் அதனை ஊற்றாது விட்டனர். எஞ்சின் திறன் குன்றியது, குறைகள் குவிந்தன, 1963ஆம் ஆண்டோடு அவ்வகை நின்று போயிற்று. எந்திரம் எவ்வளவு நுண்ணியதாயினும், அதனைப் பேணும் பொறுமை இல்லையேல் பயனில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. வேகம் இருமடங்கானால், பிரேக் போட்டபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். பத்மினியின் பிரேக் 40 குதிரைத் திறனுக்கென அமைந்த பழைய டிரம் பிரேக். ஆற்றலை ஏற்றிவிட்டுப் பிரேக்கை அப்படியே விடுவது, மதகில்லாத ஏரிக்குக் கரை உயர்த்துவது போன்றதாகும். ரயில்வேயில் முன்னோர் வகுத்த முறை வேறு. 1872ஆம் ஆண்டில் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த தானியங்கிக் காற்றுப் பிரேக்கில், குழாய் அறுந்தாலும் பிரேக் தானே விழுந்து வண்டி நிற்கும். நிற்கும் வழியை முன்னே வகுத்துவிட்டுத்தான் ஓடும் வழியைத் தேட வேண்டும்.

இதனை எண்ணியே யாம் ஒரு மாலை அக்கொட்டகைக்குச் சென்றோம். எங்கே டர்போ என்று வினவினோம். மாணவர் மூலையில் துணி சுற்றி வைத்திருந்த கருவியை ஆவலோடு எடுத்துக் காட்டினார். "பொருத்தவில்லையோ?" என்றோம். அவர் நண்பரை நோக்கினார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே பட்டறைத் தொழிலாளி சொன்னார்: "அண்ணாச்சி, முதலில் வண்டி நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்." நான்கு சக்கரத்துப் பிரேக்கையும் மாற்றி, குளிர்நீர்த் தொட்டியைப் பெரிதாக்கி முடித்த பின்னரே டர்போவைத் தொடுவதென்று அவர் விதித்திருக்கிறார். கணக்குப் போட்டு அளவு சொல்பவர் மாணவர். அதனைத் தகட்டிலும் இரும்பிலும் செய்து பார்த்துச் சரி, தவறு சொல்பவர் தொழிலாளி. ஒருவர் அறியாததை மற்றவர் அறிவார். ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர் தடுப்பார். வள்ளுவப் பெருந்தகை நட்புக்கென ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். எல்லை கடக்கும் நண்பனை இடித்துரைப்பதும் நட்பின் கடன் என்றார். அக்கடனை அந்தக் கொட்டகையில் யாம் கண்ணாரக் கண்டோம். பிள்ளை கெடுகிறான் என்று எழுதிய பெரியவர், இதனையும் ஒருமுறை சென்று காண வேண்டுகிறோம்.

உலகில் மோட்டார் வண்டி பிறந்த காலத்திலும் இத்தகைய இருவர் கூட்டு இருந்தது. ஜெர்மனியில் டெய்ம்லர் 1882ஆம் ஆண்டில் கான்ஸ்டாட் நகரில் வீடு வாங்கி, தோட்டத்துக் கண்ணாடிச் செடிவீட்டைப் பட்டறையாக்கி, தம் தோழர் மேபாக்குடன் எஞ்சின் செய்து வந்தார். ஓயாத ஓசை கேட்ட தோட்டக்காரர், உள்ளே கள்ளப் பணம் அடிக்கிறார்கள் என்று ஐயுற்றார். காவலர் வந்து பார்த்தபோது இருந்தவை எஞ்சின் உறுப்புகளும் கருவிகளுமே. 1885இல் அவர்கள் எஞ்சின் பூட்டிய இருசக்கர வண்டியையும், 1886இல் நான்கு சக்கர வண்டியையும் ஓட்டிக் காட்டினர். அன்றே அப்பட்டறையை இழுத்துப் பூட்டியிருந்தால் இழப்பு யாருக்கு?

அயல்நாட்டார் மட்டுமா? நம் கோவை ஜி.டி. நாயுடு ஏட்டுக் கல்வி ஏறாதவர். உணவு விடுதியில் பரிமாறிப் பணம் சேர்த்து, ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரித்துப் பூட்டியே எந்திரவியல் கற்றார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்ச் செலவில் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிட்டாமையால் அது தொடராது போயிற்று. இம்மராட்டிய மண்ணிலும் இச்சல்கரஞ்சியில் சங்கர்ராவ் குல்கர்னி என்பார், 'மீரா' என்னும் சிறு காரைத் தம் முயற்சியால் கட்டினார்.

நம் முன்னோர் இவ்வூருக்கு எதைக் கொண்டு வந்தனர்? தாராவித் தோல் பதனிடும் கூடங்களிலும், துறைமுகத்திலும், ஆலைகளிலும், இருப்புப் பாதையிலும் அவர்களுக்குச் சோறிட்டவை கைகளே. அக்கைகளின் உழைப்பால் நாம் பேனா பிடித்தோம். பேனா பிடித்ததும் எண்ணெய் படிந்த கையை இழிவென்று எண்ணுவது, நம் பாட்டனாரை இழிவென்று எண்ணுவதே ஆகும்.

எனினும் முறையீட்டில் உள்ள நியாயத்தை மறைத்தல் ஆகாது. நெருங்கிய குடியிருப்பில் பெட்ரோலும் வெல்டிங் தீயும் அருகருகே இருத்தல் தகாது. இரவில் குழந்தைகள் உறங்க வேண்டும். சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியின் அடிப்படை விவரங்கள் மாறுமாறு உரிமையாளர் தம் விருப்பப்படி திருத்துவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மீறுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே டர்போ பூட்டிய வண்டி நம் தெருவில் ஓடலாகாது. அது ஓடத்தக்க இடம் பந்தயத் தடமே. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கு அருகே கரிவர்தன் பெயரால் அமைந்த கரி மோட்டார் தடத்திலும் அத்தகைய இடம் உண்டு. கோவைத் தடத்தில், பொறியியல் மாணவர் தாமே கட்டிய வண்டிகளோடு 'ஃபார்முலா பாரத்' போட்டியில் கலந்துகொள்கின்றனர். உரிய அனுமதி பெற்று, வண்டியை லாரியில் ஏற்றிச் செல்வதே முறை.

ஆதலின் பொதுக்குழுவின் முன் யாம் வைக்கும் வேண்டுகோள் இது. கொட்டகை திறந்தே இருக்கட்டும். மாலை எட்டு மணிக்கு மேல் சுத்தியல் ஓசை வேண்டாம். பெட்ரோலைக் கொட்டகையில் சேர்த்து வைத்தல் கூடாது. மணல் வாளியும் தீயணைப்பானும் வாயிலில் இருத்தல் வேண்டும். லோகோ ஷெட்டில் உழைத்து ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள் நம்மிடையே உளர். அவர்களுள் இருவர் வாரம் ஒருமுறை வேலையைப் பார்வையிட்டு, தாம் கற்ற பாடத்தை அவ்விளைஞர்க்கு ஊட்டட்டும். ஞாயிறு பிற்பகல்களில் நம் சிறுவர் சிறுமியரும் அங்கே சென்று, ஸ்பானர் பிடிக்கவும் அளவு பார்க்கவும் பழகட்டும். தமிழ் வகுப்பு நடத்தும் சங்கம் இத்தொழில் வகுப்பையும் நடத்தினால் அதன் பெருமை குறையாது.

இரு இளைஞர்க்கும் ஒரு சொல். உங்கள் வண்டி என்றேனும் தடத்தில் ஓடலாம், ஓடாமலும் போகலாம். பிரேக் முதலில் என்று சொன்ன தோழரையும், அச்சொல்லுக்கு அடங்கிய தோழரையும் பிரியாது வைத்துக்கொள்ளுங்கள்.