பழைய டிராக்டரும் தக்காணத்து வெயிலும்

கோடை உழவின் நடுவே பழைய டிராக்டர் கொதித்து நின்றுவிடுகிறது. மெக்கானிக்கை அழைத்து வருகிறோம். பெரும்பாலும் அவர் முதலில் செய்வது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அப்பால் போடுவதுதான். "இந்த வெயிலுக்கு இது எதற்கு?" என்பது அவர் வாதம். அவ்வாதம் பிழை என்று கூறவே இன்று வந்தோம். ஐதராபாத்தைச் சுற்றிச் சிறிது நிலம் வாங்கிப் பயிரிடும் நம்மவருக்கு, ஓர் என்ஜின் இறுகிப்போவதென்றால் ஒரு போகமே போனதாகும் அன்றோ?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதனை 'வெப்பநிலைப்படுத்தி' எனக் கூற ஆசைதான். ஆனால் சென்னையாயினும் செகந்தராபாத் இராணிகஞ்சாயினும், தெர்மோஸ்டாட் என்றால்தான் கடைக்காரர் அலமாரிப் பக்கம் கையை நீட்டுவார்.

தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரி சூடேறும்வரை அது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து நிற்கும். அதனை நீக்கிவிட்டால் என்ஜின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் ஆகும், எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் மிகும். விந்தை என்னவெனில், சில என்ஜின்களில் சூடேறியபின் பக்கவழியை மூடுவதும் இதுவே. இது இல்லையேல் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிச் சூட்டை மிகுவிக்கும்.

அப்படியாயின் கொதிப்புக்குக் காரணம் யாது? தஞ்சைச் சமவெளியிலிருந்து வந்த நாம் மறப்பது ஒன்றுண்டு. ஐதராபாத் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டு டிகிரி பெரிதா எனலாம். கொதிநிலையை ஒட்டி ஓடும் என்ஜினுக்குப் பெரிதுதான். 7 பவுண்டு அழுத்த மூடி நல்ல நிலையில் இருந்தால் கொதிநிலை 110 டிகிரி அளவுக்கு உயரும். ரப்பர் நைந்த மூடியால் அப்பயன் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரோ ரேடியேட்டர்க் குழாய்களில் சுண்ணமாய்ப் படிந்துவிடுகிறது. ஆகவே காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே தக்கது.

1959 முதல் பரீதாபாதில் உருவான ஐஷர் டிராக்டர்கள் பலவற்றில் காற்றே குளிர்விப்பதால் அவற்றுக்கு இத்தொல்லை இல்லை. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபேயின் மாஸி ஃபெர்குசனுக்குப் பாகங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. எச்.எம்.டி. வைத்திருப்போர் பாடு வேறு. 1971இல் பிஞ்சூரில் தொடங்கிய அந்த டிராக்டர்ப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. எனவே கடையில் கிடைப்பதைச் சோதித்தே வாங்க வேண்டும். புதுத் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்து நீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அது திறக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பொருத்தும்போது அதன் மெழுகுக் குமிழ் என்ஜினை நோக்கியிருத்தல் வேண்டும். கீழ் ஹோஸுக்குள் சுருள் கம்பி இருந்தால் அதை எடுத்தெறியலாகாது. பம்பு உறிஞ்சுகையில் ஹோஸ் ஒட்டிப்போகாமல் காப்பது அதுவே. பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்தது என்று பொருள். அத்துளையை எம்-சீல் வைத்து அடைப்போரைக் கண்டிருக்கிறோம்! அடைத்தால் நீர் பேரிங்குக்குள் புகும். விசிறியைத் திருப்பி மாட்டிவிடலாகாது. ஃபேன் பெல்ட் கட்டைவிரல் அழுத்தத்துக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் தழைய வேண்டும்.

பின்னர், என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து மெல்லத் தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓட விடவேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழிகள் மேலே வந்து நீர்மட்டம் சடக்கென இறங்கும். அந்தக் குறையை நிரப்பிய பிறகே மூடியை இறுக்க வேண்டும்.