கட்டணமும் தரமும்

ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை தரத்தில் பின்தங்கித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம், இன்று 500-க்கும் மேற்பட்ட படுக்கைகளோடு நிற்கிறது. வசதியுள்ளவர் பணம் கட்டுகிறார். இல்லாதவருக்குச் சலுகை அல்லது இலவசம். சிகிச்சை இருவருக்கும் ஒன்றே. நன்கொடையை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்ற கேள்வி நியாயமானதுதான். நன்கொடை மட்டும் போதாது. அரசு உதவியும் கட்ட முடிந்தவர்களின் கட்டணமும் சேர வேண்டும். அதற்கும் மேலாக, 1955-இல் சேர்ந்து 2021-இல் மறையும்வரை அந்த நிலையத்துக்கே உழைத்த டாக்டர் வி. சாந்தா போன்றவர்கள் வேண்டும்.

ஆனால் நோயாளிக்குச் சிகிச்சைக் கட்டணம் மட்டுமே சுமையல்ல. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் வாரக்கணக்கில் அன்றாடம் வர வேண்டும். வெளியூர்க் கூலித் தொழிலாளிக்கு மருந்தோடு தங்குமிடம், சாப்பாடு, இழந்த கூலி எல்லாமே பாரம். பாதியில் ஊர் திரும்பினால் பட்ட பாடு வீண். நல்ல நிர்வாகம் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வசதி இல்லாதவருக்கும் இப்படி வழி இருப்பதால், வாயில் ஆறாத புண்ணோ, மார்பில் கட்டியோ இருந்தால், பணத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.