ஸ்லோ நிற்காத வண்டி

உங்களில் சிலருக்கு இது மாலை நேரம், சிலருக்கு நள்ளிரவு. எனக்குக் கால்கரியில் காலை எட்டு மணி. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து, உடுப்பு மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரு வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நர்ஸ் வேலையைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். அதைக் கதைகளில் நிறைய எழுதிவிட்டேன். இன்றைக்கு ஒரு பழைய பிக்கப் டிரக் ஏன் சிக்னலில் நடுங்கியது என்று சொல்லப்போகிறேன்.

1979ஆம் வருட ஃபோர்டு எஃப்-150. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் 300 கன அங்குல எஞ்சின். லிட்டரில் சொன்னால் 4.9. இந்த எஞ்சினை ஃபோர்டு 1965 முதல் 1996 வரை வண்டிகளில் போட்டது. எங்கள் வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு கார்புரேட்டர், கொஞ்சம் ரப்பர் குழாய்கள், அவ்வளவுதான். வாங்கியது என் கணவர். அவருக்கு ஃபோர்ட் மெக்முர்ரேயில் எண்ணெய் மணல் வேலை, இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். ஆசைப்பட்டது அவர், ஓட்டுவது நான்.

போன குளிர்காலத்தின் கடைசியில் வண்டி ஸ்லோ நிற்காமல் போயிற்று. எங்கள் நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான் சொல்வார்கள். சாலையில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் குளிர்ஜுரக்காரனைப் போல உதறும், சில நேரம் அணைந்தே போகும். நான் செய்தது என்ன தெரியுமா? கார்புரேட்டரில் ஸ்லோவைக் கூட்டும் ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதை ஒன்றரைச் சுற்று திருகி ஏற்றிவிட்டேன். உதறல் அடங்கியது. எனக்கு ரொம்பப் பெருமை. கணவருக்கு போன் போட்டும் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் உதறல் திரும்பி வந்தது.

எங்கள் சர்ச்சில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர், ஏ40 கார்களோடு வளர்ந்தவர். போர்க்காலத்தில் பெட்ரோல் வராதபோது, கார்புரேட்டரில் சில சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. ஆராதனை முடிந்து பார்க்கிங்கில் பானட்டைத் திறந்து காட்டினேன். ஸ்க்ரூவைப் பார்த்ததுமே, "ஆர் இதைத் திருகினது?" என்றார். நான் பேசவில்லை. "தங்கச்சி, இனி உதைத் தொடாதேங்கோ. எங்கேயோ காத்து இழுக்குது. முதல்ல காதைக் குடுத்துக் கேளுங்கோ" என்றார்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். எஞ்சின் ஒரு பெரிய உறிஞ்சி. ஸ்லோவில் இருக்கும்போது கார்புரேட்டரின் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதனால் உள்ளே வெற்றிடம் பலமாக இருக்கும். எங்கே ஓட்டை கிடைத்தாலும் அந்த வழியாகவும் காற்று நுழையும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது கணக்கு; கள்ளக் காற்று புகுந்தால் கலவை நீர்த்துப்போய்ச் சரியாக எரியாது. வேகமாகப் போகும்போது கதவு திறந்து ஏராளமான காற்று உள்ளே போகிறது. அந்தச் சின்ன ஓட்டை அப்போது ஒரு பொருட்டே இல்லை. ஓடும்போது நன்றாக இருந்து நிற்கும்போது மட்டும் நடுங்குவது அதனால்தான். ஓடிக்கொண்டே இருந்தால் நமக்கும் பல நோய்கள் தெரிவதில்லை என்று சொல்ல நினைத்தேன், அவர் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றின் தலையைக் கழற்றினேன். வெறும் குழாய் முனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோய்க் கேட்டேன். துப்பட்டாவையும் முடியையும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான். ஃபேன் பெல்ட் யாரையும் பார்க்காது. சிலர் ஓட்டையைக் கண்டுபிடிக்க கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சுவார்கள்; ஓட்டை வழியாக அது உள்ளே போனால் எஞ்சின் சத்தம் மாறும். ஆனால் இந்த எஞ்சினில் காற்று போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருக்கின்றன. கொதிக்கும் இரும்பின் மேல் எரியும் திரவத்தை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. இஸ்திரி போடும்போது துணி மேல் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, மேனிஃபோல்டின் விளிம்பில் லேசாகப் பனிபோலத் தெளித்தேன். அங்கே சத்தம் மாறவில்லை. கேஸ்கட் நல்லது.

எஞ்சினின் வயிற்றில் சேரும் வாயுவை இழுத்து எரிக்க ஒரு குழாய் உண்டு. அதன் முழங்கை வளைவில் பாம்பு சீறுவதுபோலச் சத்தம் கேட்டது. தொட்டுப் பார்த்தேன். குளிரில் காய்ந்த ரப்பர் அப்பளம்போல உடைந்தது. சில டாலர்தான், புதிது வாங்கிப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் கதை அச்சில் வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அண்ணன் ஒரு வேக்குவம் கேஜ் கொடுத்திருந்தார். அதுவும் பாதரசக் கணக்குதான். நாம் ரத்த அழுத்தத்தை மில்லிமீட்டரில் பார்க்கிறோம், அவர்கள் அங்குலத்தில் பார்க்கிறார்கள். ஸ்லோவில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும், முள் ஆடக்கூடாது. குழாய் மாற்றுவதற்கு முன் 11 காட்டியது. மாற்றிய பிறகு 13.

நான் தவறியது இங்கேதான். அந்த 17 கடல் மட்டத்துக் கணக்கு. உயரம் ஆயிரம் அடி கூடினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். கால்கரி சுமார் 3,400 அடி உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் இங்கே 14 முதல் 17 வரை வரவேண்டும். "13தானே, ஓர் அங்குலம் முன்னே பின்னே" என்று சொல்லிக்கொண்டேன். ஓட்டையைக் கண்டுபிடித்தாகிவிட்டது, மிச்சம் ஊரின் உயரம். கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஏற்றிய ஸ்க்ரூவை இறக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு, சரிவில் இறங்கி வரும்போது சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தேன். பெடல் கட்டைபோல நின்றது. ஆட்டோமேட்டிக் வண்டி, ஸ்லோவை நான் ஏற்றி வைத்திருந்ததால் எஞ்சின் முன்னால் தள்ளுகிறது. இரண்டு காலையும் ஊன்றி, சீட்டிலிருந்து எழுந்து மிதித்தேன். பாதசாரிக் கோட்டுக்கு நடுவில் வந்து நின்றது. வாக்கர் பிடித்துக் கடக்க வந்த ஒரு பெரியவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஐந்தடி இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை, கையை உயர்த்தி 'பரவாயில்லை' என்பதுபோல ஆட்டினார். பக்கத்தில் என் மகன், "அம்மா, எதுக்கு ரெண்டு காலையும் வச்சு சவுட்டுற?" என்றான்.

பெடல் கனமாகிக்கொண்டே வந்தது எனக்கு முன்பே தெரியும். குளிர், என் மூட்டுவலி, பழைய வண்டி என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

வண்டியை அங்கேயே ஓரம் கட்டினேன். அண்ணன் வந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து முறை மிதிக்கச் சொன்னார். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பிரேக் பூஸ்டர் நல்லதென்றால் அப்போது பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கவே இல்லை. பூஸ்டருக்குப் போகும் குழாயைத் துணி சுற்றிய குறடால் நெரித்தார். எஞ்சின் சட்டென்று சீரானது. கேஜில் முள் 16க்கு ஏறி அசையாமல் நின்றது. பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. எஞ்சின் வெற்றிடத்தால்தான் அது நம் காலுக்குப் பலம் சேர்க்கும். ஆக நடுங்கியதும் பிரேக் பிடிக்காததும் ஒரே கிழிசல். நான் கண்டுபிடித்த முழங்கையும் உண்மைதான். ஆனால் அது சின்ன ஓட்டை.

டோ டிரக் வருகிறவரை நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் ஊரில் பார்த்த ஒரு நோயாளி நினைவுக்கு வந்தார். பனையேறி. பனையிலிருந்து விழுந்து காலூன்றியதில் குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தோம், கட்டுப் போட்டோம். "சிஸ்டர், முதுகு வலிக்கு" என்றார் இரண்டு நாளும். "படுத்தே கிடந்தா முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்று நான் சொன்னேன். அது பொய் இல்லை பாருங்கள். படுத்தே கிடந்தால் வலிக்கத்தான் செய்யும். கால்கரியும் உயரமான ஊர்தான். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தால் முதுகெலும்பையும் பார்க்க வேண்டும் என்பது டிப்ளமோவில் படித்ததுதான். மூன்றாம் நாள் இன்னொரு டாக்டர் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். இடுப்புக்கு மேலே ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. நரம்பு தப்பித்திருந்தது. கால் விரலை அசைத்துக் காட்டச் சொன்னபோது, எல்லா விரலையும் அசைத்துவிட்டு, "போதுமா சிஸ்டர்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவரை வைத்து ஒரு கதை எழுத மூன்று முறை முயன்றிருக்கிறேன். மூன்றிலும் என்னை நல்லவளாக்கி வைத்திருக்கிறேன், கிழித்துப் போட்டேன்.

பூஸ்டரையும் அதன் செக் வால்வையும் மாற்றினோம். ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று திரும்ப இறக்கினேன். முள் 16லேயே நின்றது. இத்தோடு முடிந்தது என்று கேஜைக் கழற்றப்போனேன். அண்ணன் என் கையைத் தடுத்து, "பொறுங்கோ, இன்னும் ரெண்டு குழாய் பாக்கேல்ல" என்றார். அந்த இரண்டிலும் ஒன்றும் இல்லை.

நேரம் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வண்டியைப் பற்றியென்றால் தெரிந்தவரை சொல்கிறேன்.